பசுமை முத்திரையும் தீவக வாழ்வும்: நுகர்வு இலத்திரனியற் பொருள்களை மதிப்பிடுதல் பற்றிய சில குறிப்புகள்

ஒரு பண்டம் சூழலுக்கு இசைவானது எனக் கூறப்படும்பொழுது உண்மையில் அளக்கப்படுவது யாது? தொலைக்காட்சியும் மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் இன்று பலவகைப் பசுமை முத்திரைகளுடன் சந்தைக்கு வருகின்றன. இவை பயனற்றவை என்பது எமது கருத்தன்று. அவை கூறாது விடுவன எவை என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. யாழ்ப்பாணத்துத் தீவகம் இவ்வாராய்ச்சிக்குத் தக்க களமாகும்.

இம்மதிப்பீடுகளின் வரலாறு நீண்டதன்று. 1992இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற எனர்ஜி ஸ்டார் திட்டம் பாவனையின்போது செலவாகும் மின்சாரத்தையே முதன்மையாக நோக்கியது. 2006 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயம், பாதரசம், கட்மியம் உள்ளிட்ட ஆறு நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் கிரீன்பீஸ் இயக்கம் கம்பனிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது. மின்சாரம், நச்சு, கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பு என அளவுகோல் விரிவடைந்தமை கம்பனிகளின் நல்லெண்ணத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. இயக்கங்களின் வற்புறுத்தலும் அதற்குக் காரணமாகும்.

எனினும் அடிப்படைக் குறைபாடு ஒன்று எஞ்சுகின்றது. மனிதரிடையேயுள்ள உறவுகள் பொருள்களின் பண்புகள் போலத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாந் தொகுதியில் (1867) விளக்கினார். 'பசுமை' என்பதும் இன்று பண்டத்தின் உள்ளே உறையும் ஒரு குணம்போல விற்கப்படுகின்றது. ஆனால் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி இடத்துக்கிடம் வேறுபட்ட சூழல் விளைவைத் தருகின்றது. தேசிய மின்வலையமைப்புடன் இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. கடல் கடந்து கொண்டுவரப்பட்ட டீசலை எரித்துப் பெற்ற மின்சாரத்தில் இயங்கிய பெட்டிக்கு முத்திரை கூறும் பசுமை எவ்வளவு பொருந்தும்?

இத்தீவுகளுக்கான காற்று, சூரிய ஒளிக் கலப்பு மின்திட்டம் 2021இல் சீனக் கூட்டு நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்படவிருந்தது. இந்தியாவின் எதிர்ப்பையடுத்து அது கைவிடப்பட்டு, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரமும் 530 கிலோவாற்று காற்று மின்சாரமும் 2,400 கிலோவாற்று மணி மின்கலச் சேமிப்பும் அதில் அடங்கும். எவர் தருவது என்ற அரசியற் போட்டி பெரிதாகப் பேசப்பட்டது. ஆயுள் முடிந்த மின்கலங்களை எவர் திரும்ப எடுத்துச் செல்வது என்ற வினாவும் அதேயளவு முக்கியமானது.

இவ்வினா தீவகத்தில் வாழ்வாதாரப் பிரச்சினையாகும். சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்த இத்தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாகத் தேங்குகின்றது. பாறை வெடிப்புகளினூடாக நஞ்சு எளிதில் கிணற்றை அடையும். இதேவகைப் பாறையைக் கொண்ட குடாநாட்டுச் சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்றமை தொடர்பான வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. உலகில் 2022இல் உருவான 6.2 கோடி தொன் மின்கழிவில் ஏறத்தாழ 22 வீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. குறிகட்டுவானிலிருந்து படகேறி வந்த பொருள், பழுதான பின் மீண்டும் படகேறுவதற்கான செலவை விற்பனை விலை உள்ளடக்குவதில்லை. அச்செலவை மண்ணும் கிணறும் ஏற்கின்றன.

ஆகவே மதிப்பீடு வேறு வினாக்களிலிருந்து தொடங்க வேண்டும். கைத்தொலைபேசியின் வாழ்நாட் கரிம வெளியீட்டின் பெரும்பகுதி அதன் உற்பத்தியிலேயே நிகழ்ந்துவிடுவதால், எத்தனை ஆண்டு உழைக்கும், உள்ளூரில் திருத்த இயலுமா என்பவையே முதன்மை வினாக்கள். தொலைக்காட்சிக்கு எம்மின்சாரத்தில் இயங்குகின்றது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது, இறுதியில் எவர் பொறுப்பேற்பார் என்பது.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடையாதபோது, எம்மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வறுமையை இலட்சியமாக்குவது எமது நோக்கமன்று, அத்துன்பம் மீளக்கூடாது. ஆயினும் பொருளின் உள்ளமைப்பை அறிந்து அதனைத் திருத்தி ஆளும் உழைப்பறிவு அங்கே வெளிப்பட்டது. ஒட்டி மூடப்பட்ட இன்றைய கருவி அவ்வறிவை உழைப்பாளியிடமிருந்து பறிக்கின்றது. திருத்தும் உரிமையும் கழிவைத் திரும்பப் பெறும் சட்டக் கடப்பாடும் வென்றெடுக்கப்படும்வரை, பசுமை முத்திரை அரை உண்மையாகவே இருக்கும்.