எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள்?

அமெரிக்காவில் முப்பது வருடம் உழைத்துவிட்டு, ஓய்வுக்காலத்தைக் கோவையிலோ திருச்சியிலோ கழிக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது வீட்டை. லிஃப்ட் இருக்கிறதா, நல்ல தண்ணீர் வருகிறதா, மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறதா என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். விமான டிக்கெட்டை மட்டும் பேத்தியின் பிறந்தநாள் முடிந்த கையோடோ, விலை குறைவாகக் கிடைத்த நாளுக்கோ எடுத்துவிடுவார்கள். அடுத்த மூன்று வருடம் எவ்வளவு வரி கட்டப் போகிறார்கள் என்பதை அந்த டிக்கெட்டில் இருக்கும் தேதிதான் பெருமளவு தீர்மானிக்கிறது. இந்த விஷயம் பலருக்கு வந்து இறங்கி, பெட்டிகளைப் பிரித்து, ஆடிட்டரைத் தேடிப்போகும்போதுதான் தெரியவருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருப்பவர்களையே இங்கே முக்கியமாக மனதில் வைத்திருக்கிறேன். பிறந்த ஊரிலேயே வந்து குடியிருந்தாலும் சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர்கள். ஓட்டுப் போட முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு விலைக்கு வந்தால் வாங்க முடியாது. அப்பாவின் தோப்பு பங்காக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பணம் என்று வரும்போது மூன்று சட்டங்கள் இவர்களை மூன்று விதமாகப் பார்க்கின்றன. இந்திய வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா, இங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வந்தீர்களா என்று பார்க்கிறது. அமெரிக்க வரிச் சட்டத்துக்கு பாஸ்போர்ட் போதும். குடிமகன் உலகத்தில் எங்கே வசித்தாலும் எல்லா வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே ஒரே மனிதர் ஒரே நாளில் வருமான வரிக்கு வெளிநாடுவாழ் நபராகவும், வங்கிக்கு உள்நாட்டவராகவும், அமெரிக்காவுக்கு எப்போதும்போல் வரி கட்டுபவராகவும் இருப்பார். குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நாள் கணக்கு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். ஆனால் திரும்பி வந்தவரின் உலக வருமானம் முழுவதையும் சட்டம் உடனே பிடித்துக்கொள்வதில்லை. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாடுவாழ் நபராக இருந்தவர்களையும், முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே தங்காதவர்களையும் ஆர்.என்.ஓ.ஆர். என்ற இடைநிலையில் வைக்கிறது. 'வசிக்கிறார், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்ல' என்று பொருள். இந்த நிலையில் இருக்கும்வரை இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டும் இங்கே வரி. அமெரிக்க ஓய்வூதியக் கணக்கு, அங்குள்ள பங்குகள், வீட்டு வாடகை எதிலும் இந்தியா கை வைக்காது.

வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வந்துபோன ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். 2026 ஆகஸ்ட் 1 அன்று அவர்கள் வந்து இறங்கினால் அந்த நிதியாண்டிலேயே 182 நாளைத் தாண்டிவிடுவார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஆர்.என்.ஓ.ஆர்.; 2028 மார்ச் 31-உடன் சலுகை முடிகிறது. அதே தம்பதி, அந்த நிதியாண்டில் முன்பு வந்துபோகாமல், அக்டோபர் 5 அன்று இறங்கினால் மார்ச் முடிவதற்குள் 178 நாள்தான் ஆகும். அந்த ஆண்டு முழுவதும் வெளிநாடுவாழ் நபர். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் ஆர்.என்.ஓ.ஆர். சலுகை 2029 மார்ச் 31 வரை நீள்கிறது. இரண்டு மாதம் தள்ளிப் புறப்பட்டதற்கு ஒரு முழு ஆண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. அம்மா அப்பாவைக் கவனித்துக்கொள்ள அடிக்கடி வந்து தங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளைத் தொட்டவர்களுக்கு வேறொரு 60 நாள் விதி குறுக்கே வரலாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரைகளைப் பார்த்து நாட்களை எழுதி எண்ணிவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அந்த ஒரு ஆண்டு எவ்வளவு பெறும் என்பதை ஒரு தொகையை வைத்துப் பார்க்கலாம். இருவருமே அமெரிக்கக் குடிமக்கள், 65 வயதைக் கடந்தவர்கள். கணவர் தன் 401-கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 50,000 டாலர் எடுக்கிறார். வேறு வருமானம் இல்லை. 2025-ம் ஆண்டுக்கான விதிப்படி இருவரும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் அமெரிக்காவில் கட்ட வேண்டிய மத்திய வரி 1,500 டாலரைச் சுற்றியே நிற்கும். முதியோருக்கான புதிய கழிவையும் சேர்த்தால் இன்னும் குறையும். அதே பணம், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால், 42.5 லட்சம். இடைநிலைச் சலுகை முடிந்த பிறகு இதே தொகைக்கு இந்தியாவின் புதிய வரி முறையில், செஸ் உட்பட, ஏறத்தாழ 8.9 லட்சம் ரூபாய் வரி வரும். டாலரில் பத்தாயிரத்துக்கும் மேல். அங்கே நடுத்தர வருமானம் என்று கருதப்படும் தொகை இங்கே 30 சதவிகிதப் படிநிலைக்குள் போய்விடுகிறது. நம் ஊருக்கு வந்தால் செலவு குறையும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் இதை யோசிப்பதே இல்லை. செலவு குறைகிறது, வரி கூடுகிறது.

ஆகவே சலுகைக் காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது பலருக்கும் லாபம். 59½ வயது கடந்திருந்தால் அபராதம் இல்லை. அமெரிக்க வரியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், அக்டோபரில் வருபவருக்கு 2026, 2027, 2028, 2029 என நான்கு வரியாண்டுகளில் பிரித்து எடுக்க வழி கிடைக்கிறது. மொத்தமாக ஒரே ஆண்டில் எடுத்தால் அங்கே மேல் படிநிலைக்குப் போய்விடும். பிரித்து எடுத்தால் 12 சதவிகிதத்துக்குள் அடக்கலாம். அங்குள்ள வீட்டை விற்பதாக இருந்தாலும் இந்தக் காலத்துக்குள் விற்றுவிடுவது நல்லது. ராத் என்ற வகை ஓய்வூதியக் கணக்குக்கு அமெரிக்கா வரி கேட்காது. ஆனால் இந்தியச் சட்டத்தில் அதற்கென்று தனி விலக்கு எழுதப்படவில்லை.

சலுகை முடிந்த பிறகும் கணக்கில் மிச்சம் இருந்தால் ஒரு ஏற்பாடு கைகொடுக்கும். ஓய்வூதியக் கணக்கில் வருடாவருடம் சேரும் வளர்ச்சிக்கு இங்கே வரி, எடுக்கும் ஆண்டில் அங்கே வரி என்று ஆகிவிட்டால், ஒரு நாட்டில் கட்டியதை மறு நாட்டில் கழிக்க முடியாமல் போகும். இதைச் சரிசெய்யத்தான் 89ஏ என்ற பிரிவு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்று நாடுகளின் ஓய்வூதியக் கணக்குகளுக்கும் பொருந்தும். படிவம் 10-ஈஈ கொடுத்தால், பணத்தை எடுக்கும் ஆண்டில் மட்டும் இங்கே வரி. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்டிருப்பதால் பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இரு நாட்டு ஒப்பந்தத்தின் 20-வது விதிப்படி அதற்கு அமெரிக்காவில் மட்டுமே வரி.

இனி வங்கி. என்.ஆர்.ஈ. கணக்கின் வட்டிக்கு வரி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஃபெமா சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு மட்டும் என்பது திரும்பி வந்த பிறகு மறந்துபோகிறது. இங்கேயே தங்குவதற்காக வந்துவிட்டால் 182 நாள் காத்திருக்கும் பேச்சே இல்லை. வங்கியிடம் சொல்லிக் கணக்கை மாற்றியாக வேண்டும். வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டு, வட்டியைக் கணக்கில் காட்டாமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. ஃபெமா மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. டாலரை ரூபாயாக்க மனமில்லாதவர்கள் ஆர்.எஃப்.சி. கணக்குத் தொடங்கலாம். பணம் டாலராகவே இருக்கும், வேண்டும்போது வெளியே அனுப்பலாம், ஆர்.என்.ஓ.ஆர். நிலை உள்ளவரை அதன் வட்டிக்கு இங்கே வரியும் இல்லை. வங்கிக் கிளைகளில் இதைத் தானாக எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கணக்குக் காட்டும் வேலை இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்திய வங்கிக் கணக்குகள், ஃபிக்சட் டெபாசிட்டுகள், சரண்டர் மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசிகள் எல்லாவற்றையும் கூட்டி வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் 'எஃப்பார்' அறிக்கை அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அம்மாவின் சேமிப்புக் கணக்கில் உங்கள் பெயரும் இருந்தால் அதுவும் சேரும். வேண்டுமென்றே செய்யாத தவறுக்கும் அபராதம் 10,000 டாலரைத் தாண்டிப் போகலாம். அது கணக்கு ஒவ்வொன்றுக்கும் அல்ல, ஆண்டறிக்கை ஒன்றுக்கு என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்கு நிம்மதி. இந்தியப் பக்கம், இடைநிலை முடிந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து அமெரிக்கச் சொத்துகள் அனைத்தையும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் எழுத வேண்டும். விட்டுப்போனால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரில் தளர்த்தினார்கள்.

இந்திய மியூச்சுவல் ஃபண்டை மட்டும் அமெரிக்கக் குடிமக்கள் தொடாமல் இருப்பது நல்லது என்பேன். அமெரிக்கச் சட்டம் அதைச் 'செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்' என்ற வகையில் வைக்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனியாகப் படிவம் 8621. லாபத்துக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி, அதற்கு மேல் வட்டி. மாதம் ஐயாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டவர் அதைவிட அதிகமாக அமெரிக்க ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிவரும். பங்கு முதலீட்டை அங்கேயே வைத்துக்கொண்டு, இங்கே டெபாசிட்டோடு நிறுத்திக்கொள்வதே நிம்மதி.

இன்ஷூரன்ஸில் நான் பார்க்கும் பெரிய தப்பெண்ணம், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருக்கிறதே என்பது. அபூர்வமான சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க எல்லைக்கு வெளியே மெடிகேர் ஒரு காசு கொடுக்காது. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு, மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம். அதை விட்டுவிட வேண்டியதில்லை. மருத்துவர் கட்டணத்துக்கான பார்ட் பி-க்கு 2025-ல் மாதம் 185 டாலர். கணவன் மனைவி இருவருக்கும் வருடத்துக்கு 4,440 டாலர், அதாவது ஏறத்தாழ மூன்றே முக்கால் லட்சம் ரூபாய், இங்கே எதற்கும் பயன்படாத பாதுகாப்புக்கு. நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பிப் போய்ச் சேர்ந்தால், விட்டுப்போன ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 சதவிகிதம் கூடுதல் கட்டணம் ஆயுள் முழுக்கத் தொடரும். பெரிய ஆபரேஷன் என்றால் மகள் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று உறுதியாக இருப்பவர்கள் கட்டிக்கொண்டே இருக்கட்டும். இங்கேயேதான் என்று முடிவெடுத்தவர்கள் அந்தப் பணத்தை நல்ல இந்திய பாலிசிக்குத் திருப்பலாம்.

65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கொடுப்பதில்லை என்ற பழைய நிலை 2024 ஏப்ரலில் மாறியது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்தில் 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்துவதற்கு முன் நிறுவனங்கள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யுடன் கலந்தாலோசிக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், போட்டிருக்கும் ஸ்டென்ட் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். அமெரிக்க மருத்துவமனைக் குறிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

பாலிசியில் ஒரு வரியைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்: அறை வாடகை வரம்பு. ஐந்து லட்சம் பாலிசியில் ஒரு நாளைக்கு ஒரு சதவிகிதம் என்று இருந்தால் 5,000 ரூபாய் அறைக்குத்தான் உரிமை. வசதியாக இருக்கட்டும் என்று 10,000 ரூபாய் அறை எடுத்தால், வாடகையில் மட்டும் பாதி பிடிப்பார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் என்று அறையோடு சேர்ந்த செலவுகள் எல்லாவற்றிலும் பாதி வெட்டப்படும். மருந்தும், பரிசோதனைச் செலவும், ஸ்டென்ட் போன்று உடலுக்குள் வைக்கும் கருவிகளும் தப்பும். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் தனி அறையைத்தான் கேட்பார்கள். அவர்கள் இந்த வரம்பு இல்லாத பாலிசியாகத் தேடி வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட் வாங்காமல் க்ரீன் கார்டோடு இருந்தவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் எட்டு ஆண்டு அதை வைத்திருந்தவர், சொத்து மதிப்பு 20 லட்சம் டாலரைத் தொட்டிருக்கும்போது திருப்பிக் கொடுத்தால், எல்லாவற்றையும் அன்றைக்கே விற்றதாகக் கருதி வெளியேறும் வரி போடப்படலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே நிரந்தரமாக வசிப்பவர் காலமானால், அமெரிக்கப் பங்குகளில் 60,000 டாலருக்கு மேல் உள்ள மதிப்புக்கு அங்கே மரணச் சொத்து வரி உண்டு. 40 சதவிகிதம்வரை போகும். இந்தியா இந்த வரியை 1985-லேயே எடுத்துவிட்டதால் நம்மவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தோன்றுவதில்லை. இரு நாடுகளுக்கும் இடையே இதற்கென ஒப்பந்தமும் கிடையாது.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை 7162 என்ற கேள்விப் படிவத்தைத் தபாலில் அனுப்புகிறது. கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் மாதப் பணம் நின்றுவிடும். கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரத்தில் அந்த உறை வந்தால், அது என்னவென்று மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எண்கள், நாமினி விவரம், இரண்டு நாட்டு ஆடிட்டர்களின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, இருவருமாக உட்கார்ந்து ஒரு முறை படித்துவிடுங்கள். வீடு மாறினால் புது முகவரியை அந்த அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுதுங்கள்.