யோசிக்க ஆறு மாதம்!

"இதோ சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டே இருப்பவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. சீட்டாட்ட மேஜைகளிலும் உண்டு. வீட்டில் அவர்களை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறோம். 'போக்கர்' என்னும் சீட்டாட்டப் போட்டிகளில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் அளவுக்கு மீறி யோசித்தால், உடன் ஆடுபவர் "நேரம் வையுங்கள்" என்று கேட்கலாம். பல போட்டிகளின் விதிப்படி 25 விநாடி கொடுத்து, பிறகு 5 விநாடியை எண்ணுவார்கள். அப்போதும் வாய் திறக்காவிட்டால்? எதிராளி பந்தயம் கட்டியிருந்தால் கைச்சீட்டு செல்லாது. கட்டாதிருந்தால், இவரும் கட்டாமல் ஆட்டத்தில் நிற்பதாகக் கொள்வார்கள். மௌனத்துக்கும் பொருள் உண்டு! மெய்யாகவே சிக்கலில் இருப்பவரை விரட்டுவது பண்பல்ல. வெறும் சீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் காக்க வைப்பதும் பண்பல்ல.

பணம் கட்டி ஆடும் ஆட்டம் நமக்கு வேண்டாம், அம்மா! ஆனால் இப்படியொரு கெடு ஓர் ஊரின் முன்னாலேயே வைக்கப்பட்டதுண்டு. அந்த ஊர், காவேரிக் கடைமடையிலுள்ள காரைக்கால்.

பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியுடன் காரைக்காலையும் இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமலுக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16-ல்தான். கடிகாரம் ஓடத் தொடங்கியது அன்றைக்கு. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள், பிரெஞ்சுக்காரராகவே நீடிக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் இந்தியப் பிரஜை. இங்கும் மௌனமே பதில்!

சுலபமான முடிவா அது? பிரெஞ்சு ராணுவத்திலும் இந்தோசீனாவில் உத்தியோகத்திலும் இருந்தவர்களின் குடும்பங்கள் காரைக்காலில் உண்டு. ஒரு பக்கம் பிள்ளைகளுக்குப் பிரான்சில் படிப்பு, உத்தியோகம் என்ற நம்பிக்கை. மறுபக்கம் சொந்த மண்ணிலேயே அந்நியப் பிரஜையாக வாழ வேண்டிய நிலைமை.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒரு ஷரத்து அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. கணவன் செய்யும் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது! அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று இவள் அடுப்படியில் இருந்துவிட்டால், ஒரே கூரையின் கீழ் அவர் பிரெஞ்சுக்காரர், இவள் இந்தியர். மணமாகாத, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கோ தகப்பனார் எழுதியதே முடிவு. அவர் இல்லையென்றால் தாயார் எழுதியது. அப்படிப் பிரெஞ்சுக்காரரான பிள்ளை, பதினெட்டு நிறைந்ததும் ஆறு மாதத்துக்குள் இந்தியப் பிரஜையாகிக்கொள்ளலாம். பிள்ளைக்கும் ஒரு கெடு!

எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். பெரும்பாலோர் பேசாமல் இருந்து இந்தியரானார்கள். யோசித்துப் பேசாதிருந்தவர் எத்தனை பேர், யோசிக்காமலே இருந்துவிட்டவர் எத்தனை பேர் என்று எந்தக் காகிதமும் பிரித்துச் சொல்லாது. ஆனால் அன்று எழுதிய ஒரு வரியின் பலன் இன்னும் தொடர்கிறது. 2022-ல் நடந்த பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்குக் காரைக்காலிலும் வாக்குப்பதிவு நடந்ததே!

நம் வீட்டிலும் கெடுக்கள் வருகின்றன: பெண்ணின் மேல்படிப்பு, வரன் வீட்டாருக்குப் பதில், நிலப் பத்திரம். அவகாசம் கேட்பதில் வெட்கமில்லை, கொடுப்பதில் நஷ்டமில்லை. ஆனால் கெடு என்றைக்கு முடிகிறது, பேசாமல் இருந்தால் என்ன ஆகும், தம் கையெழுத்துத் தனியாக வேண்டுமா — இந்த மூன்றையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "அவர் பார்த்துக்கொள்வார்" என்பது பதில் ஆகாது!