சேர்க்கை மட்டும் போதுமா?

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழகம் முன்னணியில் இருக்கிறது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழகத்தில் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம். பெருமைப்படத்தக்க நிலைதான். ஆனால், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் இடைநின்றனர் என்பதை இந்த விகிதம் சொல்லாது.

இந்தக் கேள்வியை விம்கோ நகரில் நின்று கேட்பது பொருத்தம். ஒரு தீப்பெட்டி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பகுதி அது. துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் கடலையும் நம்பி வாழும் குடும்பங்கள் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பரவியிருக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரியாகும் கனவுடன் இங்கிருந்து பாரதி மகளிர் கல்லூரிக்கும், சர் தியாகராயா கல்லூரிக்கும், வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரிக்கும், பொன்னேரிக்கும் பிள்ளைகள் செல்கின்றனர்.

அரசுக் கல்லூரிக் கட்டணம் அவர்களுக்குப் பெருந்தடை அல்ல. வேலைக்குச் சென்றால் கிடைத்திருக்கக்கூடிய கூலிதான் உண்மையான செலவு. பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்போம். தந்தைக்கு ஒரு மாதம் வேலை இல்லையென்றால் மகன் பகுதிநேர வேலைக்குப் போகிறான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. தேர்வு எழுதுவது சிக்கலாகிறது. அரியர் சேர்ந்தபின் கல்லூரிக்கு வருவதே கூச்சமாகிவிடுகிறது. என் ஆசிரியப் பணிக்காலத்தில் பல மாணவர்கள் இவ்வாறு ஓசையின்றி மறைவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒருநாளும் 'படிப்பை நிறுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்ததில்லை.

இத்தகைய மாணவர்களைத் தக்கவைப்பது எப்படி என்பதில் உலக அளவில் உறுதியான ஆய்வுகள் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய 'அசாப்' திட்டம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. முழுநேரமாகப் படிக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன், மாணவர்களை அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர், பாடநூல் உதவி, பேருந்து-சுரங்க ரயிலுக்கான இலவசப் பயண அட்டை ஆகியவை வழங்கப்பட்டன. குலுக்கல் முறையில் மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றோர் திட்டத்துக்கு வெளியே 22 சதவீதமாகவும், உள்ளே 40 சதவீதமாகவும் இருந்தனர். கிட்டத்தட்ட இருமடங்கு!

அமெரிக்காவிலேயே நடந்த இன்னோர் ஆய்வில், கல்வி உதவிக்கான விண்ணப்பத்தை நிரப்ப நேரடியாக உதவியபோது ஏழை மாணவர்களின் கல்லூரிச் சேர்க்கை உயர்ந்தது. உதவித்தொகை குறித்த தகவலை மட்டும் தந்தபோது மாற்றம் ஏதுமில்லை. துண்டறிக்கை அச்சிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் துறைகள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

தில்லிப் பல்கலைக்கழக மாணவியரை ஆராய்ந்த பொருளியலாளர் கிரிஜா போர்க்கர், பாதுகாப்பான பயண வழிக்காகப் பெண்கள் தரம் குறைந்த கல்லூரியையும் தேர்ந்தெடுக்கின்றனர் என்று காட்டினார். கண்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

தமிழகத்துக்கு ஆய்வு புதிதல்ல. நீதிபதி கலையரசன் குழு தரவுகளைத் திரட்டி அறிக்கை தந்த பிறகே, 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு நீதிபதி முருகேசன் குழுவைத் தொடர்ந்து அது பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. எனினும் அவை சேர்க்கை குறித்த ஆய்வுகள். சேர்ந்தபின் என்ன ஆனது என்பதில்தான் நமக்கு அக்கறை குறைவு.

அதற்கு இப்போது அரியதொரு வாய்ப்பு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. ஒரே தெருவில் வசித்து, ஒரே அரசுப் பள்ளியில் படித்த அக்காவுக்கு அத்தொகை கிடைத்தது, தம்பிக்குச் சுமார் இரண்டாண்டுகள் கிடைக்கவில்லை. இருபாலரின் இடைநிற்றலும் அதற்கு முன் எப்படி இருந்தது, அந்த இடைவெளியில் எப்படி மாறியது என்று ஒப்பிட்டால், ஆயிரம் ரூபாய் ஒரு மாணவியைக் கல்லூரியில் தக்கவைக்கிறதா என்பது பெருமளவு தெளிவாகிவிடும். பள்ளித் தரவுகள் 'எமிஸ்' தளத்திலும், கல்லூரித் தரவுகள் 'யூமிஸ்' தளத்திலும், தேர்வு முடிவுகள் பல்கலைக்கழகங்களிலும் உள்ளன. பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவதே தேவை. புதிய கணக்கெடுப்புக்குச் செலவிட வேண்டியதில்லை.

பயணத்திலும் இதே முறையைக் கையாளலாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. அத்தடத்தில் ஒரு நிலையத்துக்கே சர் தியாகராயா கல்லூரியின் பெயர். பெண்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் பேருந்தில் ஏற்கெனவே கட்டணச் சலுகை உண்டு என்பதால், மெட்ரோ அட்டையால் கூடுதல் பயன் இருக்குமா என்ற ஐயம் நியாயமானதே. தடத்தையொட்டிய ஓரிரு கல்லூரிகளில் விண்ணப்பிக்கும் முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேருக்குக் குலுக்கல் மூலம் பயண அட்டை வழங்கி, மூன்றாம் பருவத் தேர்வு எழுதியோரை இரு குழுக்களிலும் எண்ணிப் பார்த்தால் ஒன்றரை ஆண்டுகளில் விடை கிடைத்துவிடும்.