செட்டிங் மனப்பாடம் போதுமா?

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த ஒரு சின்ன கம்பெனியில் சால்டர் அவன் இயக்கிய என் அண்ணனுக்கும் வேலை போனது. அடுத்த இன்டர்வியூவில், "ஏன் இந்த வெப்பம்?" என்று கேட்டார்கள். அண்ணனுக்கு செட்டிங் மட்டுமே மனப்பாடம்!

அன்று இரவே, பிளஸ் டூவில் எனக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில் தேடினோம். ஈயம் கலக்காத சால்டர் சுமார் 217 டிகிரி செல்சியஸில்தான் உருகத் தொடங்கும். சூடு குறைந்தால் பாகங்கள் போர்டில் சரியாக ஒட்டாது. மிஞ்சினால் அவையே கெடும். "இத்தனை வருஷம் கேட்காம விட்டேனே" என்றார்.

ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் 2003-ல் தொடங்கிய என்.பி.டெல் வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம். அண்ணன் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தார், டிக்ஷனரியும் கையுமாக. இப்போது ஒரகடத்தில் வேலை, பி.எல்.சி. படிக்கிறார். அவர் கேட்கும் சந்தேகங்களுக்கு சாப்ட்வேர் இன்ஜினியரான எனக்கே பல நாள் பதில் தெரிவதில்லை.