கப்பலில் பால்கனி அறை: விளம்பர விலையும் வீட்டுக் கணக்கும்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். கொடைக்கானல், மூணாறு, ஊட்டி என்றிருந்த பட்டியலில் இப்போது சொகுசுக் கப்பலும் சேர்ந்துவிட்டது. "கடலைப் பார்த்த பால்கனி அறை, தலைக்கு இவ்வளவுதான்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். நிபந்தனைகள் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவுக்குச் சிறிய எழுத்தில் இருக்கும். பேகம்பூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று கடலே இல்லாத ஊர்களில் வாழும் நமக்கு, அந்த விலை நியாயமானதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பது அரிது. ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பே இதில் கரைந்துவிடக்கூடும் என்பதால், பணம் கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துப் பார்ப்போம்.

கப்பல் பயணம் நம் சமூகத்துக்குப் புதியதல்ல. 1926ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடியது. அதன் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தச் சேவையும் நின்றுபோனது. அவற்றில் போன நம் முன்னோரில் பலர் 'டெக்' பயணிகள். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி பிழைப்புத் தேடிப் போனார்கள். இன்று நாம் பேசுவது பொழுதுபோக்குப் பயணம். ஆகவே கணக்கும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

நிலக்கோட்டைப் பூச்சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை உச்சத்துக்குப் போகும். விற்காமல் தேங்கிய பூவுக்கு மறுநாள் மதிப்பில்லை. கப்பல் அறையும் அப்படித்தான். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய நிமிடத்தில் காலி அறையின் மதிப்பு பூஜ்யம். அதனால்தான் நிறுவனங்கள் ஒரே அறையைப் பலருக்குப் பல விலையில் விற்கின்றன. கூட்டம் அதிகமுள்ள நாளில் விலை ஏறும், அறைகள் தேங்கினால் இறங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. டிக்கெட் பணம் மட்டுமே கப்பல் நிறுவனத்தின் வருமானம் அல்ல. மதுக்கூடம், சூதாட்ட அரங்கு, கடைகள், சிறப்பு உணவகங்கள், கரையில் இறங்கிச் சுற்றும் பயணங்கள் என்று உள்ளே போன பிறகு செலவழிக்க வைக்கும் வழிகள் ஏராளம். அறையை மலிவாகக் கொடுத்து ஆளை உள்ளே வரவழைப்பது அவர்கள் வியாபாரம். மதுவும் சூதும் ஹராம் என்று விலகி நிற்கும் குடும்பத்துக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. "மது பேக்கேஜ் இலவசம்", "விளையாட்டு அரங்குக்கு இவ்வளவு ரூபாய் கூப்பன்" என்று சேர்த்துக் காட்டும் சலுகைகளின் மதிப்பை நம் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவை இல்லாத அடிப்படை விலை தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பல நேரம் கிடைக்கும்.

எந்தக் கப்பலில் பால்கனி மலிவு?

பழைய கப்பல்களில் பால்கனி என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அறைகளுக்கு மட்டுமே இருந்தது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் கட்டப்பட்ட பெரிய கப்பல்களில்தான் அது பரவலானது. இந்த வேறுபாடு விலையில் நேரடியாகத் தெரியும்.

சென்னையில் இருந்து புறப்படும் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இதன் பயணத்தைத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் சென்னையில் இருந்து இலங்கைக்கும் போகத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் துறைமுகங்கள். இந்தக் கப்பல் 1990ல் கட்டப்பட்டது. இதில் சன்னல் இல்லாத உள்ளறைகளும் சன்னல் வைத்த அறைகளுமே மிகுதி. பால்கனி என்பது 'சூட்' வகையைச் சேர்ந்த சில அறைகளில்தான். பொருள் குறைவு, கேட்பவர் அதிகம் என்றால் விலை என்னவாகும்? சாதாரண அறைக்கும் பால்கனி அறைக்கும் பெரிய இடைவெளி விழும். கடைசி நேரத் தள்ளுபடிக்கு வாய்ப்பும் குறைவு.

சிங்கப்பூரில் இருந்து புறப்படும் கப்பல்கள் வேறு வகை. 2016ல் கட்டப்பட்ட 'ஜென்டிங் ட்ரீம்' போன்ற பெரிய கப்பல்களில் பாதிக்கும் மேற்பட்டவை பால்கனி அறைகளே. அங்கே சன்னல் அறைக்கும் பால்கனி அறைக்கும் சில நாட்களில் சிறிய வித்தியாசமே இருக்கும். ஆனால் விமானக் கட்டணமும் விசாவும் சேரும். ஆகவே கப்பல் கட்டணத்தை மட்டும் பார்த்து எது மலிவு என்று முடிவு கட்ட முடியாது.

"தலைக்கு" என்ற சொல்

விளம்பரத்தில் "தலைக்கு" என்று போடும் விலை, ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துச் சொல்லப்படுவது. ஒருவர் மட்டும் தங்கினாலும் பெரும்பாலும் இருவர் கட்டணமோ அதற்கு நெருங்கிய தொகையோ கட்ட வேண்டிவரும். மூன்றாவது, நான்காவது நபருக்குத் தனி விலை. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை ஆகியவை பல நேரம் தனி.

எடுத்துக்காட்டுக்காக நாமே எண்களை வைத்துப் பார்ப்போம். மூன்று இரவுப் பயணம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

முதல் விளம்பரம்: தலைக்கு 30,000 ரூபாய். பெரியவர் இருவருக்கு 60,000. பிள்ளைகளுக்குத் தலைக்கு 15,000 வீதம் 30,000. துறைமுகக் கட்டணமும் வரியும் நால்வருக்கு 24,000. சேவைத் தொகை ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,500 என்றால், நால்வருக்கு மூன்று இரவுக்கு 18,000. மொத்தம் 1,32,000.

இரண்டாவது விளம்பரம்: தலைக்கு 38,000 ரூபாய், பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, சேவைத் தொகை உள்ளடக்கம். பெரியவர் இருவருக்கு 76,000. துறைமுகக் கட்டணமும் வரியும் நால்வருக்கு 20,000. மொத்தம் 96,000.

பார்த்தவுடன் மலிவாகத் தெரிந்தது 36,000 ரூபாய் கூடுதலாகிவிட்டது! எனவே முகவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எங்கள் குடும்பத்தில் இத்தனை பேர், இன்னின்ன வயது. எல்லாம் சேர்த்துக் கடைசியாக எவ்வளவு?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் இரவுக்கு அறைக்கு எவ்வளவு என்று தெரியும். இரண்டு கப்பல்களை ஒப்பிட அதுவே சரியான அளவுகோல்.

கடைசி நேரத் தள்ளுபடி யாருக்கு?

"கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு வாங்கினேன், பாதி விலை" என்று சொல்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் துறைமுக நகரத்திலேயே வசிப்பவர்கள். சிங்கப்பூர்வாசி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினால் துறைமுகம் வந்துவிடும். திண்டுக்கல்லில் இருந்து போகிறவர்களின் நிலை அப்படியா? திருச்சிக்கோ மதுரைக்கோ போய் விமானம் ஏற வேண்டும். விசா வாங்க வேண்டும். மேலே சொன்ன குடும்பத்துக்குக் கடைசி நேரத்தில் கப்பலில் ஒரு பெரியவருக்கு 8,000 வீதம் 16,000 ரூபாய் மிச்சமாகிறது என்று வைப்போம். அதே நேரத்தில் விமான டிக்கெட் ஒருவருக்கு 9,000 ஏறினால் நால்வருக்கு 36,000 போய்விடும். நிகர நட்டம் 20,000.

ஆகவே உள்நாட்டுக் குடும்பங்களுக்கு நல்ல விலை என்பது பெரும்பாலும் முன்கூட்டி வாங்கும் விலைதான். முழுப் பணமும் கட்ட வேண்டிய கெடு வரும் வரை அதே அறையின் விலையை வாரம் ஒருமுறை பாருங்கள். இறங்கியிருந்தால் குறைந்த விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். சில நிறுவனங்கள் மாற்றித் தரும், சில தராது. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சென்னைப் பயணத்துக்குக் கணக்கு சற்று எளிது. இரவு ரயிலில் போய் இறங்கலாம், விமானம் வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் எம்பிரஸ் கப்பல் சென்னைப் பக்கம் வருவது வழக்கம். அதாவது நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை முடியும் நேரத்தில் அது தொடங்குகிறது. வார இறுதியை விட வார நாட்களில் விலை குறைவாக இருக்கும். காலாண்டு விடுமுறை போன்ற நாட்களை முன்கூட்டியே பார்த்து வைத்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எங்கிருந்து புறப்பட்டாலும் ஒருநாள் முன்பே துறைமுக நகருக்குப் போய்விடுங்கள். ரயிலோ விமானமோ தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அந்த ஒருநாள் விடுதி வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

எல்லா பால்கனியும் ஒன்றல்ல

குறைந்த விலைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். உயிர்காப்புப் படகு தொங்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள பால்கனியில் கடல் பாதிதான் தெரியும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் நாற்காலி இழுக்கும் சத்தமும் இசையும் கேட்கும். கப்பலின் முன்முனையில் ஆட்டம் அதிகம். வயதானவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை கேட்பது நல்லது. அறை எண்ணைப் பிறகு ஒதுக்குவோம் என்று சொல்லி விற்கும் அறைகள் மலிவு. ஆனால் எது கிடைக்கும் என்பது அவர்கள் கையில்.

ஆறேழு பேர் கொண்ட கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு வழி உண்டு. இரண்டு பால்கனி அறைகள் வாங்குவதற்குப் பதிலாக ஒரு பால்கனி அறையும், அதன் எதிரிலேயே ஓர் உள்ளறையும் கேளுங்கள். பகலெல்லாம் எல்லோரும் பால்கனியைப் பயன்படுத்தலாம். இரவில் அத்தா, அம்மா ஓர் அறையிலும் மற்றவர்கள் இன்னோர் அறையிலும் தூங்கலாம். செலவு கணிசமாகக் குறையும். பெரியவர் இல்லாத அறையைச் சிறுவர்கள் பெயரில் தர மாட்டார்கள் என்பதால் பெயர்களைப் பிரித்தே பதிய வேண்டும். சிறு குழந்தைகள் இருந்தால் பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்கட்டும். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

பால்கனி நமக்குத் தேவையா?

ஓரிரவு, ஈரிரவுப் பயணத்தில் பெரும்பாலான நேரம் சாப்பாட்டிலும் சுற்றிப் பார்ப்பதிலும் போய்விடும். அதற்குச் சன்னல் அறையே போதும். மூன்று, நான்கு இரவு என்றால் பால்கனிக்குப் பொருள் இருக்கிறது. மதுவும் ஆட்டமும் நடக்கும் மேல்தளத்துக்குப் போகாமலேயே நம் பெண்கள் கடல் காற்றை வாங்கலாம். குடும்பமாக உட்கார்ந்து பேசலாம். ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் சூரியன் கடலில் எழுவதைப் பார்க்கலாம். கப்பல் திசை மாறிக்கொண்டே இருப்பதால் கிப்லாவை ஒவ்வொரு தொழுகைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணத் தொழுகையின் சட்டங்களைக் கிளம்பும் முன் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை "இந்திய உணவு உண்டு" என்ற பதில் போதாது. ஹலால் சான்று யார் கொடுத்தது, கப்பலில் எந்த உணவகத்துக்கு அது பொருந்தும் என்று கேளுங்கள். ஓர் உணவகத்துக்குச் சான்று இருந்தால் கப்பல் முழுவதும் ஹலால் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பணம் கட்டும் முன்

கடவுச்சீட்டில் உள்ள பெயரும் டிக்கெட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தந்தை பெயரைப் பின்னால் சேர்த்து எழுதும் நம் வழக்கத்தால் இங்கே குழப்பம் வரும். சிங்கப்பூரில் புறப்பட்டு மலேசியா போய்த் திரும்பும் பயணம் என்றால், சிங்கப்பூருக்குப் பல முறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாவை ஒரே பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் வரி பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் பதிவாகும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து ஈடுகட்டவோ திரும்பப் பெறவோ முடியும்.

பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். தனிநபரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். பயணத்தை ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

கடைசியாக ஒன்று. "வட்டியில்லாத் தவணை" என்று வரும் சலுகைகளில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம். கடன்பட்டுப் போக வேண்டிய பயணம் இதுவல்ல. ஹஜ் கடமையானவர்கள் அதை முதலில் நிறைவேற்றட்டும். ஜகாத்தும் கடனும் பாக்கியில்லாமல் இருக்கட்டும். அதற்குப் பிறகு கையில் உள்ள பணத்துக்குள், பிள்ளைகளோடு கடலைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. தாளில் கணக்குப் போட்டு, அறையும் தேதியும் நமக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்தால், இன்ஷா அல்லாஹ் வீண்விரயம் இல்லாத பயணமாக அது அமையும்.