முறுக்குக்குள் இரண்டு விண்மீன்கள்

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஆல்மா தொலைநோக்கி. பார்னார்டு 59 என்ற இருண்ட மேகத்துக்குள் அது எடுத்த படம் ஒன்று 2019-இல் வெளியானது. பார்த்ததும் கைமுறுக்குதான் நினைவுக்கு வரும். பின்னிக் கிடக்கும் வாயு, தூசி இழைகள். நடுவே இரண்டு ஒளிப்புள்ளிகள். இரண்டும் இப்போதுதான் உருவாகிவரும் விண்மீன்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிறு வட்டு. இரண்டையும் சேர்த்து வளைத்தபடி ஒரு பெரிய வட்டு. அதன் மொத்த நிறை சுமார் 80 வியாழன்கள். விண்மீன்களுக்கு இடையே உள்ள தூரம், சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ளதைப்போல் 28 மடங்கு.

வானியலாளர்களை நெடுநாள் குழப்பிய புதிரும் இங்கேதான் இருக்கிறது.

மத்தால் கடையும்போது மோர் பானையின் ஓரத்துக்கு ஒதுங்கி நடுவில் குழி விழுமே, கிட்டத்தட்ட அப்படித்தான் இதுவும். விண்மீன்கள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றுகின்றன. வெளியே உள்ள வாயு மெதுவாகச் சுற்றுகிறது. விண்மீன்களின் ஈர்ப்பு அந்த வாயுவுக்குச் சுழல் உந்தத்தைக் கொடுத்து வெளியே தள்ளுகிறது. விண்மீன்களின் இடைவெளியைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரத்துக்கு நடுப்பகுதி வெறுமையாகிவிடும். அப்படியானால் உள்ளே இருக்கும் குழந்தைகளுக்கு உணவு எப்படிப் போய்ச் சேரும்?

பவெல் ஆர்டிமோவிச், ஸ்டீபன் லுபோ இருவரும் 1996-இல் கணினியில் செய்து பார்த்த கணக்கு வழி காட்டியது. பள்ளம் முழுத் தடையல்ல. வட்டின் உள்விளிம்பிலிருந்து மெல்லிய ஓடைகளாக வாயு உள்ளே பாயும் என்றார்கள். நீள்வட்டப் பாதையில் சுற்றும் இணைகளில் அந்த ஓட்டம் விட்டுவிட்டு வரும் என்றும் தெரிந்தது.

ரிஷப விண்மீன் குழுவில் உள்ள டிக்யூ டாரி இதற்குச் சாட்சி. இந்த இணை 15.8 நாட்களுக்கு ஒருமுறை சுற்றி முடிக்கிறது. இரண்டும் மிக நெருங்கும் வேளைகளில், எல்லாச் சுற்றிலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலானவற்றில், ஒளி பளிச்சென்று கூடுகிறது. வாயு வந்து விழுகிறது என்று அர்த்தம். விண்மீன்களுக்குப் பெரும்பாலும் வேளைக்கு ஊட்டப்படுவதைத் தொலைநோக்கியில் எண்ணிப் பார்க்க முடிகிறது என்பது வியப்பு அல்லவா!

முறுக்குப் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அங்கே வாயுவை அதிகம் வாங்கிக்கொள்வது இரண்டில் சிறியதுதான். இணையின் பொது நிறைமையத்திலிருந்து சிறியது தள்ளி நின்று சுற்றுவதால், வெளிவட்டின் விளிம்பை அதுவே அதிகம் நெருங்குகிறது. பெரியதுதான் நிறைய இழுத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு, பந்தியில் முதல் இலை தம்பிக்குக் கிடைத்தது போலத்தான் இருக்கும்.

கோள்களுக்கும் இந்த ஓடைகளே ஆதாரம். அதே ரிஷபத்தில் ஜிஜி டாரி ஏ என்ற அமைப்பு சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் முக்கிய விண்மீனைச் சுற்றியுள்ள உள்வட்டின் நிறை கிட்டத்தட்ட ஒரு வியாழன் அளவுதான். விண்மீன் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. விட்டால் சீக்கிரமே தீர்ந்துபோகும், கோள் உருவாக அவகாசம் இருக்காது. 2014-இல் ஆன் டுட்ரே குழுவினர், வெளிவளையத்திலிருந்து இந்த உள்வட்டை நோக்கி வாயு வருவதை ஆல்மாவில் கண்டார்கள். அந்தச் சிறு வட்டு வற்றாமல் இருப்பது அதனால்தான்.