கடலூர் பஸ்ஸுக்குள்ள ஓடுற ஜப்பான் இன்ஜின்: ஹினோவும் லேலண்டோட எச் சீரீஸும்

கடலூர்ல இருந்து சிதம்பரம் போற பஸ்ல ஏறினா எல்லாரும் ஜன்னல் சீட்டுக்கு ஓடுவாங்க. நான் முன்னாடி, இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டுக்கு ஓடுற ஆளு. அங்க சூடு இருக்கும், சத்தமும் இருக்கும். ஆனா ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர்னு சுமார் 45 கிலோமீட்டரும் அந்த இன்ஜின் என்ன பாடு படுதுன்னு காதாலேயே தெரிஞ்சுக்கலாம்.

இன்னிக்கு எபிசோட் அந்த இன்ஜினைப் பத்தித்தான். பஸ் முகப்புல அசோக் லேலண்ட்னு எழுதியிருக்கும். எண்ணூர்லயும் ஓசூர்லயும் தொழிற்சாலை வச்சிருக்கிற நம்ம ஊர் கம்பெனி. ஆனா இந்த வண்டிகள்ல பல வருஷமா ஓடுற எச் சீரீஸ் இன்ஜினோட பூர்வீகம் ஜப்பான், ஹினோ மோட்டார்ஸ். 1980-கள்ல வாங்கின ஒரு டிசைன் 2020-ல வந்த பி.எஸ்.-6 விதி வரைக்கும் எப்படித் தாக்குப்பிடிச்சது? டிக்கெட் மட்டும் வாங்குற நமக்கு அதுல என்ன இருக்கு? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தேடுவோம்.

முதல்ல பிரிட்டன், அப்புறம் ஜப்பான்

1948-ல சென்னையில அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சப்போ அவங்க செஞ்சது ஆஸ்டின் கார் அசெம்பிளி. அப்புறம் பிரிட்டன்ல இருந்த லேலண்ட் கம்பெனியோட கை கோத்தாங்க. 1955-ல பேரு அசோக் லேலண்ட்னு மாறிச்சு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் நம்ம ரோட்டுல ஓடினது பிரிட்டிஷ் டிசைன் டீசல் இன்ஜின்தான். பேரே கன அங்குலக் கணக்குல இருக்கும். 400-னு ஒரு இன்ஜின் இருந்ததுன்னா அதோட கொள்ளளவு 400 கன அங்குலம், அதாவது சுமார் 6.5 லிட்டர். பெரிய, உறுதியான, மெதுவா சுத்துற இன்ஜின்.

இந்தக் காலத்துலதான் தமிழ்நாட்டு அரசு போக்குவரத்துக் கழகங்களும் பிறக்குது. விழுப்புரத்தைத் தலைமையிடமா வச்சு 1975-ல ஒரு கழகம் உருவாச்சு. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்னு உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. கடலூரும் சிதம்பரமும் அதுக்குள்ளதான் வரும். 1997-ல கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பேரு எல்லாம் எடுக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம்னு ஆச்சு.

அந்த எழுபதுகள்லேயே, 1973-லயும் 1979-லயும், உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறிச்சு. ஆயிரக்கணக்குல பஸ் ஓட்டுற ஒரு கழகத்துக்கு சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு டீசல். அதனால எண்பதுகள்ல இந்தியாவுல எல்லாரும் சிக்கனமான இன்ஜின் தேடி ஜப்பான் பக்கம் திரும்பினாங்க. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷினு நாலு கூட்டணி வந்தது. அவங்க எல்லாம் சின்ன லாரியை முழு வண்டியா கொண்டுவந்தாங்க. அசோக் லேலண்ட் வேற வழி போச்சு. ஏற்கெனவே தன்கிட்ட இருந்த சேஸிக்கு ஹினோகிட்ட இருந்து இன்ஜின் தொழில்நுட்பத்தை வாங்கிச்சு. அதுதான் எச் சீரீஸ்.

104-க்கு 113

ஒரு இன்ஜின் குடும்பம்னா என்ன? எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல. அடிப்படை அளவு ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். ஹினோ டிசைன்ல சிலிண்டரோட உள்விட்டம் 104 மில்லிமீட்டர். ஒரு காபி டபராவோட வாய் அகலம்னு வச்சுக்கங்க. பிஸ்டன் மேலும் கீழும் நகர்ற தூரம் 113 மில்லிமீட்டர். இந்த ரெண்டு எண்ணையும் வச்சுக் கணக்குப் போட்டா ஒரு சிலிண்டரோட கொள்ளளவு கிட்டத்தட்ட 960 சி.சி. மாருதி 800 காரோட மொத்த இன்ஜினே 796 சி.சி.தான். அதாவது நம்ம பஸ்ஸோட ஒரே ஒரு சிலிண்டர் அந்தக் காரோட முழு இன்ஜினை விடப் பெருசு.

நாலு சிலிண்டரை வரிசையா வச்சா 3,839 சி.சி. ஆறு வச்சா 5,759 சி.சி. சின்ன லாரிக்கு நாலு, பெரிய பஸ்ஸுக்கு ஆறு. உள்ள இருக்கிற பல பாகங்களுக்கு அளவு பொதுவா இருக்கலாம். தொழிற்சாலையில வார்ப்புக்கும் கடைசலுக்கும் ஒரே வகை ஏற்பாடு போதும். பணிமனையில ஒண்ணைப் பிரிச்சுப் பழகின மெக்கானிக்குக்கு அடுத்தது புதுசா இருக்காது. குடும்பமா வளர்க்குறதோட லாபம் இதுதான்.

ஆனா டிசைன் பேப்பர் வந்த உடனே இன்ஜின் வந்துடாது. சிலிண்டர் பிளாக் மாதிரி பாகத்தை வார்க்கிறது சாதாரண வேலை இல்ல. சுவர் தடிமன் கொஞ்சம் தப்பினாலும் விரிசல் விடும். எண்ணூர்ல 1959-லேயே எண்ணூர் ஃபவுண்டரீஸ்னு ஒரு வார்ப்பாலை இருந்தது. சென்னையைச் சுத்தி பிஸ்டன், பேரிங், பிரேக்னு உதிரிபாகத் தொழில் ஏற்கெனவே வேர் விட்டிருந்தது. அந்த மண்ணுல நட்டதாலதான் ஜப்பான் விதை முளைச்சது. இதுக்கு ஒரு எதிர் உதாரணமும் இருக்கு. 1987-ல லேலண்டோட பங்குகளை ஹிந்துஜா குழுமமும் இத்தாலியோட இவெகோவும் வாங்கினாங்க. அடுத்து இவெகோ இன்ஜினோட கார்கோ லாரி வந்தது. அந்த இன்ஜின் நிலைக்கல. கேபின் டிசைன் மட்டும் தங்கிச்சு. ஹினோவழி வந்த இன்ஜின் நின்னுடுச்சு.

அளவை மாத்தாம பலத்தைக் கூட்டுறது

டீசல் இன்ஜின்ல பலம் எவ்வளவு டீசல் எரிக்க முடியும்ங்கிறதைப் பொறுத்தது. டீசல் எரியக் காத்து வேணும். சிலிண்டர் அளவு மாறலைன்னா, அதே இடத்துக்குள்ள அதிகக் காத்தைத் திணிக்கணும். அதுக்குத்தான் டர்போ. வெளியே போற புகையோட வேகத்துல ஒரு விசிறி சுத்தும், அதே தண்டுல இருக்கிற இன்னொரு விசிறி காத்தை அழுத்தி உள்ள தள்ளும். பஸ் வேகமெடுக்கும்போது ஒரு மெல்லிய விசில் கேட்குமே, அது அந்தச் சத்தம்தான்.

காத்தை அழுத்தினா சூடாகும், சூடானா விரியும். அதனால நடுவுல ஒரு இன்டர்கூலர் வச்சு குளிர்விச்சு அனுப்புவாங்க. இந்த மாதிரி ஒண்ணொண்ணா சேர்த்ததோட பலனைப் பாருங்க. ஹினோவோட டர்போ இல்லாத நாலு சிலிண்டர் இன்ஜின் 110 குதிரைசக்தியை ஒட்டித்தான் கொடுத்தது. அதே 3,839 சி.சி. அளவுல இன்னிக்கு பி.எஸ்.-6 எச் சீரீஸ் 150 கொடுக்குது.

இதுல மிச்சமாகுற டீசல் எவ்வளவுனு ஒரு உதாரணக் கணக்கு போடலாம். ஒரு பஸ் தினமும் 400 கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க. லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர்னா சுமார் 89 லிட்டர் வேணும். 5 கிலோமீட்டர்னா 80 லிட்டர் போதும். அரை கிலோமீட்டர் வித்தியாசம் ஒரு நாளைக்கு 9 லிட்டர், வருஷத்துக்குச் சுமார் 3,200 லிட்டர். அதுவும் ஒரே ஒரு பஸ்ஸுக்கு! 2021 மே மாசத்துல இருந்து தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அதுக்கு அரசு பணம் கொடுக்குது. அந்தப் பணம் எவ்வளவு தூரம் தாங்கும்ங்கிறது இந்த அரை கிலோமீட்டர் மாதிரி விஷயங்கள்லயும் இருக்கு.

புகையோட சண்டை

மைலேஜ் கதை இவ்வளவுதான். இனி மூச்சோட கதை. டீசல் புகையில ரெண்டு வில்லன். ஒண்ணு, அரைகுறையா எரிஞ்ச கரித்துகள். இன்னொண்ணு, அதிகச் சூட்டுல காத்துல இருக்கிற நைட்ரஜன் எரிஞ்சு உருவாகுற நைட்ரஜன் ஆக்சைடு. சிக்கல் என்னன்னா, நல்லா சூடா எரிச்சா கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சூட்டைக் குறைச்சா அது குறையும், கரி கூடும். ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு கிளம்பும்.

விதிகள் எப்படி இறுகுச்சுனு எண்ணுல பாருங்க. கனரக வண்டிக்கு பி.எஸ்.-3-ல நைட்ரஜன் ஆக்சைடு ஒரு யூனிட் ஆற்றலுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, 5 கிராம் வரை போகலாம். பி.எஸ்.-4-ல 3.5. பி.எஸ்.-6-ல அரை கிராமுக்கும் கீழ. கரித்துகள் 0.10-ல இருந்து 0.01-க்கு இறங்கணும். டீசல்ல இருக்கிற கந்தகமும் 350 பி.பி.எம்.-ல இருந்து 50, அப்புறம் 10-னு குறைஞ்சது.

2017 மார்ச் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது: ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ்.-3 வண்டி விற்கக் கூடாது. பி.எஸ்.-4-க்குப் பல கம்பெனிகள் எடுத்த வழி, புகைக்குழாயில யூரியா கரைசலைத் தெளிச்சு நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கிறது. அசோக் லேலண்ட் ஐ-இ.ஜி.ஆர். பக்கம் போச்சு. வெளியே போற புகையில ஒரு பங்கைத் திருப்பி சிலிண்டருக்குள்ளேயே அனுப்புற முறை. அந்தப் புகையில ஆக்சிஜன் கம்மி, அதனால எரியுற சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். தனி யூரியா டேங்க் வேண்டாம், அதை நிரப்புற செலவும் வேண்டாம். பணிமனைக்கு இது பெரிய நிம்மதி.

ஆனா 2020 ஏப்ரல்ல பி.எஸ்.-5-ஐத் தாண்டி நேரா பி.எஸ்.-6 வந்தப்போ அந்தச் சலுகை முடிஞ்சது. கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடுக்கு யூரியா, ரெண்டுமே வேணும். புகையைத் திருப்பி அனுப்புறதையும் விடாம, மீதியை யூரியா பார்த்துக்கட்டும்னு நடுவழியா ஒரு ஏற்பாட்டை லேலண்ட் ஐ-ஜென்6 பேர்ல கொண்டுவந்தது.

இங்க டவுன் பஸ்ஸுக்கு ஒரு தலைவலி இருக்கு. வடிகட்டியில சேர்ற கரியை அப்பப்போ எரிச்சுக் காலி பண்ணணும், அதுக்குப் புகை நல்லா சூடா இருக்கணும். சிதம்பரம் வரை நிக்காம போற பஸ்ஸுக்கு அது தானா நடக்கும். கடலூர் ஊருக்குள்ள நின்னு நின்னு போற டவுன் பஸ்ஸுக்கு அந்தச் சூடு வர்றது கஷ்டம்.

சான்றிதழும் காத்தும்

விதி எவ்வளவு அழுத்தம் கொடுக்கும்னு தெரிஞ்சுக்க ஹினோவையே பார்க்கலாம். 2022 மார்ச்ல, சில இன்ஜின்களோட புகைச் சோதனைத் தகவல்களைத் திருத்தி சான்றிதழ் வாங்கினதா அந்தக் கம்பெனி தானே ஒத்துக்கிச்சு. அது அவங்களோட பிற்கால இன்ஜின்கள் பத்தின விஷயம், இங்க வளர்ந்த எச் சீரீஸோட சம்பந்தம் இல்ல. ஆனா பாடம் எல்லாருக்கும் பொது. சோதனைக்கூடத்துல வர்ற எண் ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்க மூக்குல ஏறுறது இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னா பத்து வருஷம் கழிச்சும் அந்த இன்ஜினை யாராவது ஒழுங்கா பராமரிக்கணும்.

அந்த 'யாராவது' நம்ம பணிமனை ஆளுங்கதான். சத்தத்தை வச்சு வால்வு இடைவெளியைச் சொல்லத் தெரிஞ்சவங்க இன்னிக்கு லேப்டாப்பைச் சொருகி சென்சார் பிழையையும் படிக்க வேண்டியிருக்கு. பஸ் வாங்கக் காசு ஒதுக்குற மாதிரி இவங்க பயிற்சிக்கும் ஒதுக்கலைன்னா, வாங்கின பி.எஸ்.-6 காகிதத்துல மட்டும்தான் இருக்கும்.

அண்ணாமலை பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல் படிச்சுக்கிட்டு இதைக் கேட்குற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சாதான் இன்ஜினீயர்னு இல்ல. ஒருத்தர் வரைஞ்ச சிலிண்டரை வாங்கி, நம்ம டீசலுக்கும் நம்ம ரோட்டுக்கும் நம்ம பாக்கெட்டுக்கும் ஏத்த மாதிரி முப்பது வருஷத்துக்கு மேல மாத்திக்கிட்டே வந்திருக்காங்க. அதுவும் கண்டுபிடிப்புதான். எலெக்ட்ரிக் பஸ் வரும்போது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இதே வேலை நமக்காகக் காத்திருக்கும்.

உங்க ஊர் பஸ் இன்ஜினைப் பத்திக் கேள்வி இருந்தா அனுப்புங்க, பேசுவோம்.